லாஸ் காஸாஸ் அடிகள்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் அமைந்த பழைய நகரம் செவில். 1493-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஒரு நாள் அந்நகரத் தெருக்களில் மக்கள் திரளாகக் கூடி நின்றனர். மேற்றிசைக் கடலைக் கடந்து சென்று மீண்ட கொலம்பஸ், தாம் கண்ட புதிய தீவுகளிலிருந்து கொணர்ந்த பொருள்களோடு அவ்வழியே சென்றார். பச்சைக் கிளிகளும் பொன்னணிகளும் காண்போர் கண்ணைக் கவர்ந்தன. அவற்றோடு, அத்தீவுகளில் பிறந்த மாந்தர் சிலரும் காட்சிப் பொருள்போல் அழைத்து வரப்பட்டனர். இந்தியாவையே அடைந்துவிட்டதாகக் கொலம்பஸ் கருதியமையால், அவர்கள் இந்தியர் எனப்பட்டனர். தவறாக இட்ட அப்பெயர் பல நூற்றாண்டுகள் அம்மக்கள்மேல் நின்றது. அன்று கூட்டத்தில் நின்று வியந்து நோக்கிய சிறுவருள் பார்த்தொலோமே தெ லாஸ் காஸாஸ் என்பவனும் ஒருவன். 1484-ஆம் ஆண்டில் பிறந்த அவனுக்கு அப்போது எட்டு வயது.

அவன் தந்தை பேத்ரோ ஒரு வணிகர். அவர் அவ்வாண்டிலேயே கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் சேர்ந்து கடல் கடந்தார். சில ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியபோது, தம் மகனுக்குப் பரிசாக ஓர் இளைஞனை அழைத்து வந்தார். அவன் தீவிலிருந்து அடிமையாகக் கொணரப்பட்டவன். பார்த்தொலோமேயும் அவனும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். பின்னர், தம் குடிகளை அடிமைகளாக வழங்க எவருக்கும் உரிமையில்லை என்று அரசி இசபெல்லா சினந்து ஆணையிடவே, 1500-ஆம் ஆண்டில் அவ்விளைஞன் தன் நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டான்.

1502-ஆம் ஆண்டில் பார்த்தொலோமே தாமும் இஸ்பானியோலாத் தீவிற்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது பதினேழு. செல்வம் தேடச் சென்ற மற்ற இளைஞரைப் போலவே அவரும் சென்றார். நிலம் பெற்றார்; உழவும் சுரங்கத் தொழிலும் நடத்தினார். பின்னர்ச் சமயக் கல்வியும் முற்றிக் குருப்பட்டம் பெற்றார். குருவான பின்பும் அவருடைய நிலமும் சுரங்கமும் அவரை விட்டு நீங்கவில்லை.

அத்தீவில் நிலவிய ஏற்பாடு ஒன்றை ஈண்டு அறிதல் வேண்டும். 1493-இல் போப்பாண்டவர் ஆறாம் அலெக்சாந்தர் விடுத்த ஆணை, புதிதாகக் கண்ட நிலங்களை ஸ்பெயின் அரசர்க்கு உரிமையாக்கியது. அங்கு வாழ்வோரைக் கிறிஸ்து சமயத்தில் சேர்க்கும் பொறுப்பையும் அவர்மேல் சுமத்தியது. அரசர் அப்பொறுப்பைக் குடியேறிய ஸ்பானியரிடம் பகிர்ந்தளித்தார். இன்ன ஊரைச் சேர்ந்த இத்தனை பேர் இன்னாரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று ஏடு எழுதப்பட்டது. ஒப்படைப்பு என்னும் பொருள்படவே அம்முறைக்கு என்கொமியெந்தா என்று பெயர் வழங்கிற்று. ஒப்படைக்கப்பட்டவர் தம் தலைவருக்கு உழைக்க வேண்டும். தலைவர் அவர்களுக்கு வேதம் கற்பித்துக் காப்பாற்ற வேண்டும். ஆனால், உழைப்பு நாள்தோறும் சுரங்கத்திலும் வயலிலும் நடந்தது. காப்பு ஏட்டோடு நின்றது. பொன் அரிப்பதற்காக ஆடவர் தொலைவிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெண்டிர் கிழங்குத் தோட்டங்களில் உழைத்து நலிந்தனர். பாலின்றிக் குழந்தைகள் மடிந்தன. வேற்று நாட்டினர் கொணர்ந்த அம்மை முதலிய நோய்களும் பின்னர்ச் சேர்ந்துகொண்டன. தைனோ என்னும் அத்தீவு மக்கள் இரண்டு தலைமுறைக்குள் பெரும்பாலும் அழிந்தனர்.

இக்கொடுமையை முதன்முதலாக வெளிப்படக் கண்டித்தவர் லாஸ் காஸாஸ் அல்லர். 1510-ஆம் ஆண்டில் தொமினிக்கு சபைத் துறவியர் சிலர் அத்தீவிற்கு வந்து, எளிய குடிசையில் தங்கித் தவ வாழ்வு நடத்தினர். ஓராண்டுக் காலம் யாவற்றையும் கண்ட பின், அவர்கள் ஒன்றுகூடி ஒரு சொற்பொழிவை எழுதினர். யாவரும் அதில் கையொப்பம் இட்டனர். 1511-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 21-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்னும் துறவி சாந்தோ தொமிங்கோ நகரில் ஓலைக்கூரை வேய்ந்த கோயிலில் அதனைப் பேசினார். கொலம்பஸின் மகனும் தீவின் ஆளுநருமான தியேகோவும் அரசின் உயர் அலுவலரும் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். அம்மக்கள் மனிதர் அல்லரோ, அவர்களை இவ்வாறு வாட்டுவதற்கு எந்த நீதி இடந்தந்தது என்று அத்துறவி அவர்களை நேர்நின்று வினவினார். கோயில் கொதித்தது. தலைவர்கள் துறவியர் குடிசைக்குச் சென்று, சொன்ன சொல்லை அடுத்த வாரம் திரும்பப் பெற வேண்டும் என்று வற்புறுத்தினர். அடுத்த ஞாயிறன்று மொந்தேசினோஸ் மீண்டும் மேடை ஏறினார். முன்னிலும் கடுமையாகப் பேசினார். வழிப்பறிக் கள்வர்க்குப் பாவமன்னிப்பு வழங்காததுபோல, என்கொமியெந்தா வைத்திருப்போர்க்கும் இனி வழங்குவதில்லை என்றும் அறிவித்தார்.

பாவமன்னிப்பு மறுக்கப்படுவதென்பது அந்நாளில் சிறு செய்தியன்று. கத்தோலிக்க சமயத்தில் ஒருவர் தம் குற்றங்களைக் குருவிடம் தனித்து எடுத்துரைத்து மன்னிப்புப் பெறுதலைப் பாவசங்கீர்த்தனம் என்பர். அதனைப் பெறாது இறந்தால் நரகமே கிட்டும் என்று அம்மக்கள் நம்பினர். அரசனுக்கு அஞ்சாதவரும் அதற்கு அஞ்சினர்.

அக்கதவு ஒரு நாள் லாஸ் காஸாஸ் முன்னும் அடைக்கப்பட்டது. பாவசங்கீர்த்தனம் செய்யச் சென்ற அவரை, தொமினிக்குத் துறவி ஒருவர் ஏற்க மறுத்தார். ஒப்படைக்கப்பட்ட மக்களை வைத்திருக்கும்வரை அவருக்கு மன்னிப்பில்லை என்றார். லாஸ் காஸாஸ் கற்றவர், வாதிட்டார். துறவி வாதத்தை நீட்டவில்லை. உண்மைக்கு என்றும் பகைவர் பலர், பொய்க்குத் துணைவர் பலர் என்னும் கருத்துப்பட விடையிறுத்து ஒழிந்தார். லாஸ் காஸாஸ் வேறொரு குருவை நாடிச் சென்றார். தம் மக்களை விடவில்லை. தாம் அவர்களை அன்போடு நடத்துவதாகவே அவர் எண்ணியிருந்தார். நல்ல தலைவன் என்னும் எண்ணம், தலைவனாய் இருத்தல் முறையோ என்னும் வினாவை அவர் உள்ளத்தில் எழவொட்டாமல் தடுத்தது போலும்.

பின்னர்க் கியூபாத் தீவைக் கைப்பற்றச் சென்ற படையோடு அவரும் குருவாகச் சென்றார். காவோனாவோ என்னும் ஊரில் நிகழ்ந்தது அவர் உள்ளத்தைப் பிளந்தது. அன்று காலை, நீர் வற்றிய ஓர் ஓடையில் தங்கிய படைவீரர், அங்குக் கிடந்த கற்களில் தம் வாள்களைத் தீட்டினர். மாலையில் ஊரை அடைந்தபோது, ஊர் மக்கள் மீனும் கிழங்கு அப்பமும் படைத்து வரவேற்று, குதிரைகளைக் கண்டு வியந்தவாறு திடலில் அமர்ந்திருந்தனர். திடீரென ஒருவன் வாளை உருவினான். ஏனையோரும் உருவினர். ஆடவர், பெண்டிர், முதியோர், குழந்தைகள் என்னும் வேறுபாடின்றி யாவரும் வெட்டுண்டனர். எதற்காக என்று எவராலும் சொல்ல இயலவில்லை. லாஸ் காஸாஸ் ஓடி ஓடித் தடுத்தார், சிலரைக் காத்தார், இறந்துகொண்டிருந்தோர்க்கு ஞானமுழுக்கு அளித்தார்.

இத்தனைக்கும் பின்னர், அப்படையெடுப்பின் ஊதியமாக அரிமாவோ ஆற்றங்கரையில் நிலமும் அதனைச் சேர்ந்த மக்களும் அளிக்கப்பட்டபோது, அவர் அவற்றை ஏற்றுக்கொண்டார். ரெந்தேரியா என்னும் நண்பரோடு கூட்டாக அங்கு உழவும் சுரங்கமும் நடத்தினார். பிறர் செய்யும் கொலையைக் கண்டு நடுங்கியவருக்கு, தம் வருவாய் எதிலிருந்து வருகிறது என்பது விளங்க மேலும் காலம் தேவைப்பட்டது.

1514-ஆம் ஆண்டில் பெந்தகொஸ்தே திருநாளுக்குரிய சொற்பொழிவை ஆயத்தம் செய்வதற்காக அவர் வேதநூலைப் புரட்டினார். ஏழையிடமிருந்து பறித்த பொருளைக் கடவுளுக்குக் காணிக்கையாக்குதல், தந்தையின் கண்முன் மகனைப் பலியிடுதலை ஒக்கும் என்னும் கருத்துடைய பகுதி ஒன்று அவர் கண்ணில் பட்டது. சீராக்கின் ஞானநூலில் உள்ள அப்பகுதியை அவர் முன்பும் படித்திருக்கலாம். அன்று அது தம்மை நோக்கியே எழுதப்பட்டதாக அவருக்குத் தோன்றிற்று. பல நாள் சிந்தித்தார். முன்னொரு நாள் தமக்கு மன்னிப்பு மறுத்த துறவியின் சொற்கள் நினைவில் எழுந்தன. தாம் வைத்திருக்கும் மக்களைத் தாமே விடுவிக்காமல் இதனைப் பிறர்க்குப் போதித்தல் நகைப்பிற்கிடமாகும் என்று உணர்ந்தார்.

ஆளுநர் வெலாஸ்கேஸிடம் சென்று தம் மக்களை விட்டுவிடுவதாகக் கூறினார். ஆளுநர் திகைத்து, பதினைந்து நாள் எண்ணிப் பார்க்குமாறு சொன்னார். எண்ணிப் பார்க்க வேண்டியவை முடிந்துவிட்டன என்றார் லாஸ் காஸாஸ். 1514-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, கோயில் மேடையில் நின்று யாவரும் அறியத் தம் துறவை வெளியிட்டார். கேட்டோர் வியந்தனரேயன்றி, எவரும் அவர்வழிச் சென்றிலர். ஜமெய்க்காத் தீவிற்குச் சென்றிருந்த ரெந்தேரியா மட்டும், பழங்குடிச் சிறுவர்க்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்று அங்கேயே தாமும் எண்ணியிருந்தார். திரும்பி வந்ததும் நண்பருடைய முடிவைக் கேட்டு மகிழ்ந்தார். இருவரும் உடைமைகளை விற்று, அடிகள் அரசரைக் காண்பதற்குரிய வழிச்செலவைத் திரட்டினர்.

1515-ஆம் ஆண்டின் இறுதியில் அடிகள் அரசர் பெர்தினாந்தைக் கண்டார். நோயுற்றிருந்த அரசர் அடுத்த மாதமே மறைந்தார். தீவுகளின் ஆட்சிப் பொறுப்பு பொன்சேகா என்னும் மேற்றிராணியாரிடம் இருந்தது. மேற்றிராணியார் என்பவர் ஒரு மறைமாவட்டத்தின் தலைமைக் குரு. மூன்று திங்களில் ஏழாயிரம் குழந்தைகள் இறந்தமையை அடிகள் எடுத்துரைத்தபோது, அதனால் தமக்கென்ன, அரசர்க்கென்ன என்று அவர் வினவினார். அவரும் தொலைவிலிருந்தே பல நூறு பழங்குடியினரை ஒப்படைப்பாகப் பெற்று வருவாய் கண்டவர். ஆனால், ஆட்சியைத் தற்காலிகமாக ஏற்ற கர்தினால் சிஸ்னேரோஸ் அடிகளின் சொல்லுக்குச் செவி சாய்த்தார். 1516-இல் பழங்குடியினரின் காவலர் என்னும் பதவியை அவருக்கு வழங்கினார்.

அடிகளின் வாழ்வில் பெருங்களங்கம் ஒன்று உண்டு. தீவு மக்களின் சுமையைக் குறைப்பதற்காக அவர் அரசுக்குத் தந்த திட்டங்களில், ஆப்பிரிக்க அடிமைகளை வருவித்துக்கொள்ளலாம் என்னும் யோசனையும் இருந்தது. ஆப்பிரிக்கர் முறையான போரில் சிறைப்பட்டவர் என்று அந்நாளில் பலரும் கூறியதை ஆராயாமல் அவரும் நம்பினார். அடிமை வாணிகத்தை அவர் தொடங்கி வைக்கவில்லை. அது முன்னரே நடந்தது. ஆயினும், ஒரு மக்களின் விலங்கைக் களைய மற்றொரு மக்களுக்கு விலங்கிடச் சொன்ன பிழையிலிருந்து அவரை விடுவித்தல் இயலாது. பிற்காலத்தில் போர்ச்சுகீசியர் எழுதிய வரலாறுகளைப் படித்து, ஆப்பிரிக்கரும் அதே அநீதியால் பிடிக்கப்பட்டவர் என்று கண்டார். தாம் எழுதிய பெருவரலாற்று நூலில் அதனை மறைக்காமல் எழுதினார். தம் அறியாமை இறைவனின் தீர்ப்பின்முன் தம்மைக் காக்கும் என்று உறுதி கூற இயலாது என்றும் பதிந்து வைத்தார்.

வெனிசுலாக் கடற்கரையில் படையின்றிக் குடியேற்றம் அமைக்க அவர் செய்த முயற்சி 1522-இல் தோற்றது. மனமுடைந்து தொமினிக்கு சபையில் சேர்ந்தார். சில ஆண்டுகள் கல்வியில் ஆழ்ந்தார். பின்னர்க் குவாத்தமாலா நாட்டில், படைகள் நுழைய இயலாமல் போர்நிலம் எனப் பெயர்பெற்ற பகுதிக்கு, ஆயுதம் தாங்கியோர் எவரும் வரலாகாது என்று ஆளுநரிடம் உறுதி பெற்றுக்கொண்டு துறவியர் சென்றனர். சமயக் கதைகளை அந்நாட்டு மொழியில் பாட்டாக்கி, ஊர் ஊராகச் செல்லும் பழங்குடி வணிகர்க்குக் கற்பித்தனர். பாட்டு முன்னே சென்றது. துறவியர் பின்னே சென்றனர். அந்நிலத்திற்கு மெய்யமைதி என்னும் பொருளுடைய வேராபாஸ் என்ற பெயர் பின்னர் வழங்கிற்று. 1537-இல் போப்பாண்டவர் மூன்றாம் பவுல், புதுநிலத்து மக்கள் மெய்யான மனிதரே, சமயத்தில் சேராதவராயினும் அவர்தம் விடுதலையையும் உடைமையையும் பறித்தலாகாது என்று ஆணை விடுத்தார்.

அடிகள் 1540-இல் மீண்டும் ஸ்பெயினுக்குச் சென்று, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அவையில் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். 1542-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் புதிய சட்டங்கள் பிறந்தன. பழங்குடியினரை இனி அடிமையாக்கலாகாது. என்கொமியெந்தா தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாது என்பன அவற்றின் உயிர்நிலை. சட்டத்தை நடைமுறைக்குக் கொணரச் சென்ற அரசப் பேராளர் பெரு நாட்டில் 1546-இல் கிளர்ச்சிக்காரரால் கொல்லப்பட்டார் எனின், அதற்கு எழுந்த எதிர்ப்பைச் சொல்லவும் வேண்டுமோ?

செல்வம் மிக்க கூஸ்கோ மறைமாவட்டத்தை மறுத்த அடிகள், மெக்சிகோவின் தென்கோடியில் உள்ள ஏழ்மையான சியாப்பாவின் மேற்றிராணியாராக 1544-இல் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. 1545-இல் சியுதாத் ரெயால் என்னும் தலைநகரை அடைந்தார். தவக்காலம் வந்தது. ஈஸ்டர்த் திருநாளுக்குமுன் யாவரும் பாவசங்கீர்த்தனம் செய்தல் மரபு. அடிகள் ஆணையிட்டார்: பழங்குடி அடிமைகளை வைத்திருப்போர் அவர்களை விடுவித்தாலன்றி, அவர்களுக்கு மன்னிப்பு இல்லை. முப்பது ஆண்டுகளுக்குமுன் தமக்கு அடைக்கப்பட்ட கதவை அவர் இப்போது ஒரு நகரத்திற்கே அடைத்தார்.

நகரம் பொங்கியது. கோயிலின் மூத்த குருவே ஆணையை மீறிச் சிலர்க்கு மன்னிப்பு வழங்கினார். அடிகள் அவரை அழைத்து வரச் செய்தபோது, அவர் தெருவில் கூக்குரலிட்டு மக்களைத் திரட்டினார். கூட்டம் வாளேந்தி மேற்றிராணியாரின் இல்லத்திற்குள் புகுந்தது. துறவியர்க்கு உணவளிப்பதையும் நகரத்தார் நிறுத்திவிட்டனர். நீதி மன்றத்தில் முறையிடச் சென்ற அடிகளுக்கு அங்கும் வசைமொழியே கிடைத்தது. அவர் நகருக்குத் திரும்பும்போது உள்ளே விடாமல் தடுக்க முடிவு செய்த நகரத்தார், வழியில் பழங்குடியினரைக் காவலுக்கு நிறுத்தினர். இரவில் நடந்து வந்த அடிகளைக் கண்ட அக்காவலர், அவர் காலில் விழுந்து அழுதனராம். அவர்கள் ஓசை எழுப்பாமல் விட்டமைக்காகத் தண்டிக்கப்படுவரே என்று எண்ணிய அடிகள், எதிர்பாராத நேரத்தில் பிடித்துக் கட்டியதுபோல் தோன்றும்படி, தம் கையாலேயே அவர்களைக் கயிற்றால் பிணித்துவிட்டு நகருள் நுழைந்தார் என்று பழைய வரலாறு கூறும்.

இதற்குள் பேரரசர் தளர்ந்துவிட்டார். என்கொமியெந்தா மகனுக்குச் செல்லாது என்ற விதி 1545-லேயே நீக்கப்பட்டது. அடிகள் 1547-இல் ஸ்பெயினை அடைந்தார். பிறகு அமெரிக்கா திரும்பவில்லை. ஆனால், குருமார்க்கு அவர் எழுதிய பன்னிரண்டு விதிகள் அங்குக் கையேடாகப் பரவின. சாகுந்தறுவாயில் உள்ள செல்வன், தன் குற்றத்தைச் சொல்லுமுன், எழுத்தரை அழைத்து, தான் பறித்தவற்றை உரியவர்க்குத் திருப்பியளிக்கச் சட்டப்படி ஆவணம் எழுதித் தர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வருந்துகிறேன் என்னும் சொல்லை மட்டும் அவர் ஏற்கவில்லை. இக்கையேடு அரசரின் உரிமையையே மறுப்பதாகப் பகைவர் குற்றஞ்சாட்டவே, அதன் படிகளைத் திரட்டிக் கைப்பற்றுமாறு 1548-இல் அரசாணை பிறந்தது.

ஆயினும், 1550-ஆம் ஆண்டில் உலக வரலாற்றில் அரிதான செயல் ஒன்றைப் பேரரசர் செய்தார். தம் படையெடுப்புகள் அறத்திற்கு ஒத்தனவா என்று அறிஞர் ஆராய்ந்து சொல்லும்வரை புதிய படையெடுப்புகளை நிறுத்தி வைத்தார். வயாதோலித் நகரில் அவை கூடியது. செபுல்வேதா என்னும் பேரறிஞர், சில மக்கள் இயல்பிலேயே அடிமைகள் என்னும் அரிஸ்டாட்டிலின் கோட்பாட்டைத் துணைக்கொண்டு, போரால் அடக்கிய பின்னரே வேதம் கற்பித்தல் தகும் என்று மூன்று மணி நேரம் வாதிட்டார். அவர் அமெரிக்காவைக் கண்ணாற் கண்டவர் அல்லர். அடிகள் ஐந்து நாள் தம் விடையைப் படித்தார். அம்மக்களின் நகரங்கள், கலைகள், ஆட்சிமுறை ஆகியவற்றை விரித்துரைத்து, மாந்தர் யாவரும் அறிவும் விருப்புரிமையும் உடையவர் என்றும், வாள்முனையில் ஊட்டும் சமயம் சமயமாகாது என்றும் நாட்டினார். அவை 1551-இல் மீண்டும் கூடியது. தீர்ப்பு எதுவும் கூறாமலே கலைந்தது. 1573-இல் வெளிவந்த அரசாணை, வெற்றிகொள்ளுதல் என்னும் சொல்லை நீக்கி, அமைதிப்படுத்துதல் என்னும் சொல்லை இட்டது. சொல் மாறிற்று, செயல் பெரிதும் மாறவில்லை.

அடிகள் 1552-இல், அமெரிக்க நாடுகளின் அழிவைப் பற்றிய சிறுநூல் ஒன்றை அரசின் இசைவு பெறாமலே அச்சிட்டார். அதில் அவர் தந்த தொகைகள் சில மிகையானவை என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். ஸ்பெயினின் பகைவரான டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்நூலைத் தம் மொழிகளில் பெயர்த்து, ஸ்பானியரைத் தூற்றுவதற்குப் பயன்படுத்தினர். அவர்களும் பின்னர் அதே கண்டத்தில் நிலங்களைப் பறித்தனர். ஆப்பிரிக்கரை விலைக்கு வாங்கினர். தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவை அவர்கள் அண்டை நாட்டானிடம் மட்டும் கேட்டனர்.

இறுதி ஆண்டுகளிலும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்திலர். 1566-ஆம் ஆண்டில், சமயத்தின் பெயரால் போர் தொடுத்தல் நீதி என்பவரைத் திருச்சபையினின்று விலக்க வேண்டும் என்று புதிய போப்பாண்டவர் ஐந்தாம் பயசுக்கு விண்ணப்பம் எழுதினார். அவ்வாண்டு சூலைத் திங்களில், எண்பது வயதைக் கடந்தவராய், மாத்ரித் நகரில் உள்ள அதோச்சா மடத்தில் உயிர் நீத்தார். நாற்பது ஆண்டுகள் கழியுமுன் வெளியிடலாகாது என்று சொல்லி அவர் மடத்தில் ஒப்படைத்த பெருவரலாற்று நூல், 1875-ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. தமக்கெதிராக அவரே எழுதிய பக்கங்களும் அதில் அவ்வாறே உள்ளன.

அவரை வாளேந்தித் துரத்திய சியுதாத் ரெயால் நகரம் இன்றும் சியாப்பாவின் மலைகளிடையே இருக்கிறது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பழங்குடி மக்கள் தாம் நெய்த துணிகளையும் விளைபொருள்களையும் கொண்டு வந்து அதன் சந்தையில் விற்கின்றனர். பழைய பெயர் வழக்கொழிந்துவிட்டது. சான் கிறிஸ்தோபல் தெ லாஸ் காஸாஸ் என்பதே இப்போது அந்நகரின் பெயர்.